இழுப்பில்லாத மாப்பிள்ளை

என் தங்கை மகன் நவிலனுக்கு இருபத்தேழு வயது. கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. மூச்சில் இழுப்பு இல்லை என்பது ஒன்றுதான் குறை. காற்று கெட்டுப்போன பிறகு பிறந்தவர்களில், அதாவது நாற்பது வயதுக்குக் கீழே, இழுப்பில்லாத ஆளையே பார்க்க முடியாத காலம் இது. வயதை மறைக்கிறோம் என்று சொல்லி மூன்று வீடுகளில் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து அம்பத்தூரில் இதழினி என்ற பெண்ணைப் பார்க்கப் போனோம். பஜ்ஜித் தட்டோடு வரும்போதே அவள் நெஞ்சு விசிலடித்தது. நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அப்பா தர்ஷன், நவிலனின் மூக்கருகே காதைக் கொண்டுவந்தார்.

"சத்தமே வரலையே. தம்பிக்கு நெஜமா என்ன வயசுங்க?"

"இருபத்தேழுதாங்க. காலையில இன்ஹேலர் அடிச்சிட்டு வந்திருக்கான்" என்று புளுகினேன்.

"எம் பொண்ணுந்தான் அடிக்கிறா, நிக்குதா? தம்பி மொட்டை மாடி வரைக்கும் ஏறட்டும். பாப்பா, நீயும் கூடப் போய் இழுக்குதான்னு பாரு."

இருவரும் ஏறினார்கள். இரண்டாம் மாடி வரை பெண்ணின் விசில் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. அவளுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்து நானும் பின்னாலேயே ஏறினேன்.

மொட்டை மாடியில் இருவரும் துளி இரைப்பு இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்றாள் இதழினி. "சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான் பொய்யா விசிலடிச்சு சமாளிக்கிறேன்."

கீழேயிருந்து தர்ஷன் கூப்பிட்டார்: "என்னங்க, இழுக்குதா?"

நாலு மாடி ஏறிய கிழட்டு மூச்சு என்னிடம் கைவசம் இருந்தது. படிக்கட்டுக்குள் தலையை நீட்டி, இருவருக்கும் சேர்த்து இழுத்தேன்.