கேட்காத கேள்வி

“மறுபடியும் திருடியிருக்கா,” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள் மனைவி. தலையணையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் கைக்குட்டையில் சுற்றிய ரொட்டி, பாதி வாழைப்பழம், நசுங்கிப்போன ஓர் உருளைக்கிழங்கு.

“திருட்டுன்னு சொல்லாதே,” என்றான் கணவன். “பயிற்சியில என்ன சொன்னாங்க? பட்டினி கிடந்த பிள்ளைங்க சாப்பாட்டை ஒளிச்சுதான் வைக்கும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கணும்.”

அவள் தலையணையை முன்பு இருந்தபடியே வைத்தாள். சிறுமி கூடத்து ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அதுதான் அவளுக்கு வேலை.

பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளைச் சில காலம் வீட்டில் வைத்து வளர்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இவர்கள். எப்போது அழைப்பு வருமோ என்று கைபேசியைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குளித்தார்கள். கட்டிலுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, அது கண்ணைக் குத்துகிறது என்று பச்சை அடித்து, பச்சையும் பிடிக்காமல் போய் மறுபடி மஞ்சளுக்கே வந்திருந்தார்கள்.

முந்தாநாள் மாலை ஒருவழியாக அழைப்பு வந்தது. ஆறேழு வயதுப் பெண். கடையில் ரொட்டியை எடுத்துக்கொண்டு ஓடும்போது பிடிபட்டவள். பெயரும் சொல்லவில்லை, வீடு எங்கே என்றும் சொல்லவில்லை.

“வாயே திறக்க மாட்டேங்குறா. தேடிக்கிட்டும் யாரும் வரலை. குடைஞ்சு குடைஞ்சு கேட்காதீங்க, தானா பேசட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனார் குழந்தைகள் நல அதிகாரி.

கணவனுக்கு அது வேதவாக்கு. அவன் லிஃப்ட் மெக்கானிக். “கதவை நெம்பினா கதவுதான் போகும். பொறுமையா இருந்தா தானா திறக்கும்,” என்பது அவன் கட்சி.

மனைவிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தையல் வேலை செய்பவள், ஒரு நூல் பிரிந்திருந்தாலும் அவளுக்குக் கண்ணை உறுத்தும். சிறுமி ரொட்டியின் மொறுமொறு ஓரத்தையெல்லாம் கிள்ளித் தின்றுவிட்டு, நடுவில் மெத்தென்று இருப்பதைத்தான் ஒளித்துவைத்தாள். பிஸ்கட்டைக் கொடுத்த கையோடு தின்றாள், ஒன்றைக்கூட எடுத்துவைக்கவில்லை.

“பல்லு வலிக்குதோ என்னவோ,” என்று மனைவி விளையாட்டுக் காட்டி அவள் வாயைத் திறக்கவைத்துப் பார்த்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்ததே தவிர, மற்றதெல்லாம் கல் மாதிரி இருந்தது. குளிப்பாட்டும்போது இடதுகால் சாக்ஸை மட்டும் கழற்ற விடாமல் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று மனைவி அதையும் கேட்கவில்லை.

அக்கா போனில் வைதாள். “இது என்னடி சட்டம்? பெத்த பிள்ளையா இருந்தா கேட்காம இருப்பியா?”

“பெத்த பிள்ளைன்னா எங்க போயிடப் போகுது? கேட்கலாம்க்கா. இவகிட்ட ஒண்ணு கிடக்க ஒண்ணு கேட்டு, இவ மிரண்டுபோய், வேற வீட்டுக்கு மாத்திட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?” வந்து இரண்டு நாள்கூட ஆகாத பிள்ளை, அதற்குள் மடியில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை அதிகாரி பேசினார். கணவன் ஸ்பீக்கரில் போட்டான்.

“சாப்பாட்டை ஒளிச்சு வைக்கிறாளா? இந்த மாதிரிப் பிள்ளைங்க செய்யிறதுதான். ஏன்னு கேட்டீங்களா?”

“ஒரு வார்த்தை கேட்கலை மேடம்.”

“ரொம்ப நல்லது. புதுசா வந்தவங்க இவ்வளவு பொறுமையா இருந்து நான் பார்த்ததில்லை. அவ உங்ககிட்டயே இருக்கட்டும்.”

கணவன் கைபேசியை வைத்துவிட்டு, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சிரித்தான். மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

சிறுமி கிளம்பத் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையணை உறையை உருவி, ரொட்டியையும் பழத்தையும் அதில் போட்டு மூட்டை கட்டியிருந்தாள்.

இருந்த சந்தோஷத்தில் மனைவிக்குப் பயிற்சியெல்லாம் மறந்துபோயிற்று. “எல்லாம் மெத்துமெத்துன்னு பார்த்து எடுத்து வச்சிருக்கியே, ஏன் கண்ணு?” என்று கேட்டுவிட்டாள்.

வாசற்படியில் நின்ற கணவன் வேண்டாம் என்று அவசரமாகக் கையை ஆட்டினான். ஆனால் கேட்டது கேட்டதுதான்.

சிறுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “போலீஸ்கிட்ட பிடிச்சுக் குடுக்க மாட்டீங்கல்ல?”

“மாட்டேன் கண்ணு.”

அவள் குனிந்து இடதுகால் சாக்ஸைக் கழற்றினாள். உள்ளேயிருந்து ஒரு சாவியை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“எங்க வீட்டுச் சாவி. அம்மா போனவங்க வரவே இல்லை. ரொட்டி எடுக்க வந்தப்போ நான்தான் வெளியில பூட்டிட்டு வந்தேன்.”

பிறகு மூட்டையை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பிக்கு இன்னும் பல்லு முளைக்கலை.”