பெரோலாவுக்கு ஓர் அறை

"மனுஷங்களா இவங்கல்லாம்? அஞ்சு வருஷம் குட்டி போட வெச்சு, அதுகளை வித்துத் தின்னுட்டு, ஓய்ஞ்சு போனதும் 'யாராவது கூட்டிட்டுப் போங்க'ன்னு கைகழுவுறாங்க!"

காலையிலிருந்து எலோயிசா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவங்க காதுல விழுந்தா பூனையைக் குடுக்க மாட்டாங்க. வந்ததும் பேசாம சிரிச்சுக்கிட்டு நில்லு," என்றாள் மகள் லீவியா.

"சிரிக்கத்தான் போறேன். முதல்ல பெரோலா நம்ம கைக்கு வரட்டும்."

பிரேசிலின் பெலோ ஒரிசோன்ட்டி நகரத்தில் அந்த அடுக்குமாடி வீட்டில் அன்று யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. சன்னலுக்கெல்லாம் வலை அடித்தாயிற்று. அடுப்பில் சீஸ் உருண்டைகள் பொன்னிறமாக உப்பிக்கொண்டிருந்தன. எல்லாம் டோனா இவோனிக்காக.

எல்லோரும் மரியாதையாக 'டோனா' சேர்த்து அழைக்கும் இவோனி அம்மாள், பாரசீகப் பூனைகளை வளர்த்துக் குட்டிகளை விற்பவர். ஓய்வு கொடுத்த தாய்ப்பூனைகளை மட்டும் சும்மாவே தந்துவிடுவார். ஆனால் ஒரு கண்டிப்பு. போகிற வீட்டை நேரில் வந்து பார்ப்பார். மனசுக்குப் பிடித்தால் பூனை இறங்கும். இல்லையென்றால் வந்த வழியே கூடையோடு திரும்பிவிடுவார். எதிர்த் தெரு டாக்டர் வீட்டிலேயே அப்படித்தான் நடந்ததாம்!

மணி அடித்தது. லீவியா ஓடிப்போய்த் திறந்தாள்.

கம்பளிச் சட்டை முழுக்கப் பூனை முடியோடு டோனா இவோனி நின்றிருந்தார். கையிலிருந்த கூடைக்குள் இரண்டு மஞ்சள் கண்கள்.

"ஐயோ, என் செல்லமே!" லீவியா கூடையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"பொறும்மா, பொறு. முதல்ல வீட்டைப் பாத்துடறேன்."

வலையை இழுத்துப் பார்த்தார். பால்கனிக் கதவை ஆட்டிப் பார்த்தார். பூந்தொட்டியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"லில்லியா? பூனைக்கு விஷமாச்சே!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் லீவியா தொட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"இவ லேசுப்பட்டவ இல்ல," என்றார் இவோனி, கூடையைத் தடவியபடி. "தன் குட்டிகளை மட்டுமில்ல, தாய் செத்துப்போன குட்டிகளையும் பால் குடுத்து வளத்தவ. சோபாவுல ஏறினா விரட்டக் கூடாது."

"விரட்டுறதா? இனிமே இவ மகாராணி!" என்ற எலோயிசாவுக்கு அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்க டோனா இவோனி. இவ்வளவு பாடுபட்டவளை வெளிய அனுப்ப எப்படித்தான் மனசு வருது?"

லீவியா அம்மாவின் காலை நறுக்கென்று மிதித்தாள். போச்சு, எல்லாம் போச்சு!

இவோனி கோபப்படவில்லை.

"என் வீட்டுல கூட்டத்தோட இவளும் ஒருத்தி. தனக்குன்னு ஒரு மடிக்கு ஏங்கறா. என்னால எத்தனை பேரைத்தான் மடியில வெச்சுக்க முடியும்? அதான் இடம் தேடி அலையறேன். சரி, எங்க படுக்க வைப்பீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் எலோயிசா காத்திருந்தாள்.

"வாங்க, வந்து பாருங்க!"

சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. புது வண்ணம், சன்னலோரம் மெத்தை, நகம் கீறக் கயிறு சுற்றிய மரம்.

"இது முழுக்க அவளுக்குத்தான்!"

"பூனைக்குத் தனி அறையா!" இவோனியின் முகம் மலர்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து கூடையின் கதவைத் திறந்தார். பெரோலா தலையை மட்டும் நீட்டி மோப்பம் பிடித்தது. லீவியா சத்தம் வராமல் குதித்தாள்.

"இதுக்கு முன்னாடி இங்க யார் இருந்தாங்க?"

"எங்க ஆயா ஜந்தீரா. லீவியாவையும் இவ அண்ணனையும் பொறந்ததுலேருந்து வளத்தது அவதான். பிள்ளைங்க வளந்தாச்சு, இனி ஆயா எதுக்கு? போன மாசம் அனுப்பிட்டோம். அதனாலதான் அறை காலியாச்சு!" என்றாள் எலோயிசா உற்சாகமாக.

"எங்க போனாங்க?"

"வடக்கே ஏதோ ஊர்ல தங்கச்சி இருக்கான்னு சொன்னா... ஊர் பேரு வாயில வரல. லீவியா, உனக்குத் தெரியுமா?"

"நாம கேக்கவே இல்லையேம்மா," என்றாள் லீவியா.

டோனா இவோனி பூனையின் தலையை மெல்ல உள்ளே தள்ளிக் கூடையைச் சாத்தினார்.

"என்னாச்சு? வீடு பிடிக்கலையா?" எலோயிசா பதறிப்போனாள்.

"வீடு ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றபடி எழுந்தார் இவோனி. "நான் என் பூனை போற வீட்டைப் பாத்துட்டுத்தான் அனுப்பறேன். நீங்க முதல்ல ஜந்தீரா போன வீட்டைப் போய்ப் பாத்துட்டு வாங்க. அப்புறம் இவளைக் கொண்டு வர்றேன்."