வாசலில் வந்த சத்தம்

"கதவைத் திறக்காதீங்க அண்ணி! அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

தாழ்ப்பாளில் கை வைத்த மெட்டே திரும்பிப் பார்த்தாள். வெளியே பனிப்புயல் கூரையைப் பிடுங்கிவிடும் போல வீசிக்கொண்டிருந்தது. காலையில் மலைக்கு அந்தப் பக்கம் போன அவள் கணவன் ஹல்வார் இன்னும் திரும்பவில்லை.

"என்ன சிக்னே இப்படிச் சொல்றே? பனிச்சறுக்குக் கட்டையைச் சுவர்ல சாத்துற சத்தம் கேட்டுதே! பூட்ஸைத் தட்டினாரு, கதவைக்கூட அசைச்சாரு!"

நாத்தனார் சிரித்தாள். "அது அண்ணன் இல்ல, அண்ணனோட வார்டோகர். உங்க டென்மார்க்ல இதெல்லாம் கிடையாதா?"

"அப்படின்னா?"

"அந்தக் காலத்துப் பேச்சுல 'வார்ட்'னா காவல், 'ஹுக்'னா மனசு. ரெண்டும் சேர்ந்து தேஞ்சு வார்டோகர் ஆயிடுச்சு. ஆள் இன்னும் வழியிலதான் இருப்பான். அவனுக்குக் காவலா இருக்கிற மனசு முன்னாடியே வீட்டுக்கு ஓடி வந்து சத்தம் போடும். திறந்து பார்த்தா வெறும் வாசல்தான். எங்கப்பாவோட வார்டோகரைக் கேட்ட பிறகுதான் அம்மா காபியே வைப்பாங்க."

"ஒருவேளை அவரேதான்னா?"

"அவரா இருந்தா இந்நேரம் ஊரையே கூட்டியிருக்க மாட்டாரா? எங்கண்ணன் தொண்டை உங்களுக்குத் தெரியாததா? வார்டோகர்தான் பேசாது. சும்மா திறந்து பனியை உள்ள விடாதீங்க."

கதவு இன்னொரு முறை லேசாக அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

"பாத்தீங்களா, போயிடுச்சு! செத்தவனுக்கு வார்டோகர் வராது அண்ணி. அண்ணன் உயிரோட வந்துட்டிருக்காரு."

மெட்டேவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காபி வைத்தாள். அவனுக்குப் பிடித்த பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்தாள். காய்ந்த காலுறைகளை அடுப்போரம் போட்டாள்.

காபி ஆறியது. சூடு பண்ணினாள். மறுபடியும் ஆறியது. ஓயாமல் வாயடித்துக்கொண்டிருந்த சிக்னே அடுப்பு விறகை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

காற்று ஒருவழியாக அடங்கியதும், வழியைப் பார்க்கலாமென்று மெட்டே தாழ்ப்பாளை நீக்கினாள். அவள் இழுக்காமலேயே கதவு உள்பக்கம் திறந்துகொண்டது.

அதில் சாய்ந்திருந்த ஹல்வார் விறைத்துப்போய் அவள் காலடியில் விழுந்தான். மீசையும் தாடியும் ஒரே பனிக்கட்டியாக உறைந்து, அவன் வாயைத் திறக்கவே முடியாதபடி அடைத்திருந்தன.