எஞ்சின் மேல் எச்சில் விரல்

"எச்சில் தொட்டுட்டான்! என் ஊட்டி ரயில் எஞ்சின் ஸ்டாம்பை எச்சில் விரலால எடுத்துட்டான்!"

எத்திராஜ் போட்ட கூச்சலில் நீலசந்திரா பேட்டை நாய்களெல்லாம் ஊரின் மறுகோடியில் இருக்கும் பீன்யா வரைக்கும் ஓடின. பெண் பார்க்க வந்த இடத்தில் ஸ்டாம்பைத் தொட்ட தருணின் குடும்பம் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டுக் கேப் ஏறிவிட்டது.

"நீங்களே தேடிப் பிடிச்ச மாப்பிள்ளையாச்சேங்க," என்றாள் மனைவி ரத்தினம்மாள்.

"அதுக்காக? ஈரம் பட்டா பின்னாடி பசை போச்சு, ஸ்டாம்ப் செத்துச்சு! முப்பது வருஷமா என் மூச்சுக்காத்துகூடப் படாம வெச்சிருந்தேன்டி! இந்தச் சம்பந்தமே வேணாம்!"

"ஒரு ஸ்டாம்புக்காகவாப்பா?" மகள் பிரபா முகத்தைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் எத்திராஜுக்கு மனசு கேட்கவில்லை. மகளைச் சமாதானப்படுத்தப் போனவர், கதவருகே அப்படியே நின்றுவிட்டார். உள்ளே பிரபா போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ் தருண்! நான் சொன்ன மாதிரியே தொட்டீங்க. இனி நீங்க உங்க ஆபீஸ் பொண்ணையே கட்டிக்கலாம். நான் அடுத்த வாரம் என் உதயாவைக் கூட்டிட்டு வரேன். விரலே படாம ட்வீசரால ஸ்டாம்ப் எடுக்க அவனுக்கு ஒரு மாசமா டிரெய்னிங் நடக்குது!"