மூன்றாவது புள்ளி

வல்வெட்டித்துறையில் இராசநாயகத்தார் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஆய்வாளர் சிந்துஜா, மூன்று புள்ளிகள் குறித்த கடல் வரைபடத்தை அவர் முன்னால் மேசையில் விரித்தாள். இராசநாயகத்தார் இளமை முழுக்கக் கடலோடியவர்.

"கப்பலிலை போய் இந்த மூண்டு இடத்திலையும் நீளக் குழாய் இறக்கி ஆழ்கடல் சேறு எடுக்கப்போறம், ஐயா."

"சேத்திலை என்ன பிள்ளை கிடக்கு?"

"டயட்டம் எண்டு கண்ணுக்குத் தெரியாத பாசி. மேல் தண்ணியிலை வாழ்ந்து, செத்து அடியிலை படியும். அதின்ரை கண்ணாடி மாதிரி ஓட்டைப் பாத்தால், அந்தக் காலத்திலை மேலை கடல் குளிரோ சூடோ எண்டு சொல்லலாம்."

அவர் மூன்றாவது புள்ளியில் விரல் வைத்தார். "உதிலை வேண்டாம். கீழை பாறை. குழாய் உடைஞ்சிடும்."

"அங்கை வெறும் சேறுதான் ஐயா. அளந்து பாத்தாச்சு."

"எனக்குத் தெரியாத கடலோ?" என்று எழுந்து போய்விட்டார்.

ஒரு பெண் கப்பலில் போவது அவருக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று சிந்துஜா நினைத்தாள்.

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி பொன்மலர் மெதுவாகச் சொன்னாள்.

"கோவிக்காதை பிள்ளை. அங்கை பாறை ஒண்டும் இல்லை. எங்கடை மூத்தவன்ரை வள்ளம் அங்கைதான் கவிண்டது. ஆளைக் கடைசிவரைக்கும் எடுக்கேல்லை. அவன் படுத்திருக்கிற இடத்திலை குழாய் இறக்க இவருக்கு மனம் வரேல்லை."

சிந்துஜா வரைபடத்தோடு அவரிடம் போனாள்.

"ஐயா, அங்கை பாறைதான். நான் பிழையாப் பாத்திட்டன். வேறை இடம் நீங்களே காட்டுங்கோ."

அவர் அந்தப் புள்ளியிலிருந்து தள்ளி ஓரிடத்தைத் தொட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"கவனமாப் போட்டு வா, பிள்ளை. கரைக்கு வந்த உடனை எனக்கொரு போன் கோல் எடு. எடுக்காமல் விட்டிடாதை."