அப்பனை உரிச்சு வச்சவ

ஆத்தூரில் ஈஸ்வரன் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த செல்வராணி, தாம்பூலப் பையை மேசைமேல் வைத்தாள். அதைப் பார்த்த அம்மா ஒச்சம்மாளுக்கு வயிறு எரிந்தது. இருபத்திநாலு வருடத்துக்கு முன் இதே ஈஸ்வரன் பெண் கேட்டு வந்தபோது, மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் இந்த மகள்.

"இப்பவாச்சும் சொல்லு தாயி. அவன்ட்ட என்ன குறை கண்ட?"

"குறை அவர்ட்ட இல்லம்மா. என் ரத்தத்துல இருக்கு."

அம்மா தந்த காப்பி டம்ளரைக் கையை நீட்டிப் பிடித்து, தளும்புகிறதா என்று பார்த்தாள் செல்வராணி. தினமும் செய்வதுதான். ஒச்சம்மாள் அதை விளையாட்டு என்றே நினைத்திருந்தாள்.

"அப்பாவுக்கு நாப்பதுல கை ஆட ஆரம்பிச்சுது. பெறகு புத்தி போச்சு, ஆளும் போனாரு. அத்தைக்கும் அதேதான். பரம்பரை நோய்னு மதுரை டாக்டர் அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு. நான் அப்பாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கேன்னு நீதான ஊரெல்லாம் சொல்லுவ? அதான், இந்த நோய் என்னோட முடியட்டும்னு கல்யாணமே வேண்டாம்னு விட்டுட்டேன். நாப்பத்திமூணு ஆச்சு. இன்னும் ஆடலம்மா."

ஒச்சம்மாளின் கைதான் ஆடியது.

ஆமாம், ஊரெல்லாம் சொன்னவள் அவள்தான். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று வாய் ஓயாமல் சொன்னாள். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் யாரோ போட்டுவிட்டுப் போன பச்சைப்பிள்ளையை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்குக் குடிவந்த அன்று, "நாம பெக்கலைன்னு தெரிஞ்சா பிள்ளை ஏங்கிப் போயிரும், சொல்லிராத" என்றான் புருஷன்.

அந்தப் பிஞ்சுத் தலையில் கை வைத்துத்தான் அவள் சத்தியம் செய்திருந்தாள்.