மாடியில் ஒரு பூத் திருடன்

"மாப்ளே! கையில என்ன?"

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்த டிரைவர் ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தார். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஹாரன் மட்டும் தொண்டையில் அப்படியே இருந்தது.

மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் ஒரு பூசணிப் பூ. இதழையெல்லாம் கிள்ளிக் கீழே போட்டிருந்தார்.

கொஞ்ச நாளாகவே விடிந்ததும் பூசணிக் கொடியில் பூக்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. மாடியில் துணி காயப்போட வருகிறவர்கள் எல்லோரையும் டிரைவர் சந்தேகப்பட்டாயிற்று. கடைசியில் பார்த்தால் திருடன் வீட்டுக்குள்ளேயே!

"ஒரு பூ போனா ஒரு பூசணி போச்சு. இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

"மாமா, அது வந்து..."

மாப்பிள்ளை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த வீட்டுப் பல் டாக்டரம்மா பூவாளியோடு படியேறி வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் மாப்பிள்ளை பேச்சை மாற்றினார்.

"சும்மாதான் பறிச்சேன், மாமா."

"சும்மாவா! வேலை பார்த்த பிரஸ்ஸை மூடினதிலேருந்து நீங்க சும்மாதானே இருக்கீங்க? அதையாவது ஒழுங்காச் செய்யக் கூடாதா? இனிமே இந்த மாடிப் பக்கம் காலெடுத்து வைக்காதீங்க!"

டாக்டரம்மாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை படியிறங்கிப் போனார்.

டிரைவருக்கு அந்தக் கொடி என்றால் உயிர்.

அந்தக் கட்டடத்தில் மாடித் தோட்டம் போட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயும் கையுமாக மாடியில் கூடுவார்கள். யார் தக்காளியில் பூச்சி, யார் தொட்டியில் புறா முட்டை போட்டது, யார் மிளகாயைக் கிளி கொத்திப் போனது என்று பேச்சு களைகட்டும். மற்றவர்கள் பூசணியெல்லாம் பிஞ்சிலேயே வெம்பி விழ, டிரைவர் கொடியில் மட்டும் காய்கள் குண்டு குண்டாக உட்கார்ந்திருந்தன.

"இந்த உயரத்துக்குத் தேனீயே வராதே சார், எப்படிக் காய்க்குது?" என்று யாராவது கேட்டால் போதும், டிரைவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

"எனக்குத்தான் தேன்சிட்டு இருக்கே! விடிஞ்சதும் ஆஜர். பூவுக்குப் பூ தாவி மகரந்தத்தை அதுவே சேர்த்துடும். நான் தண்ணி ஊத்துறதோட சரி. என் கைராசி அப்படி!"

வேலையை விட்டு வந்ததிலிருந்து தொங்கிப்போயிருந்த அவர் முகம், இதைச் சொல்லும்போதுதான் பழையபடி நிமிரும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவே அவர் வாரம் முழுக்கக் காத்திருந்தார்.

மாப்பிள்ளையை விரட்டிய பிறகு கொடியில் ஒரு பூகூடக் குறையவில்லை. டிரைவருக்குப் பரம திருப்தி. ஆனால் புதுப் பிஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பழுத்துச் சுருண்டன. உரம் வைத்துப் பார்த்தார். தண்ணீரைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். தேன்சிட்டும் தவறாமல் வந்தது. பக்கத்துச் செம்பருத்தியில் வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டு, பூசணியை ஏறெடுத்தும் பார்க்காமல் பறந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் பேச்சில் சுரத்தே இல்லை. டாக்டரம்மா கீழே கிடந்த ஒரு பிஞ்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மகரந்தம் சேரலை சார். என் கொடியிலயும் இதே கதைதான். ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிள்ளிப் போட்டுட்டு, அடியில பிஞ்சோட இருக்கிற பெண் பூவுக்குள்ள தடவி விடணுமாம். அதுவும் விடியற நேரத்துல. எனக்கு எங்கே தினமும் எழுந்திருக்க முடியுது?"

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"சார்... அன்னிக்கு உங்க மாப்பிள்ளை கையில..."

டிரைவருக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை அன்றைக்குச் சொல்ல வந்ததை ஏன் விழுங்கினார் என்பதும் இப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா முன்னால் உண்மையைச் சொல்லியிருந்தால், தேன்சிட்டுப் பெருமை அங்கேயே சந்தி சிரித்திருக்கும்.

கைப்பிடிச் சுவரில் எக்கிக் கீழே பார்த்துக் கூப்பிட்டார்.

"மாப்ளே! கொஞ்சம் மேல வாங்க!"

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி ஏறி வந்து, கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"தினமும் மகரந்தம் சேர்த்தது நீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மாப்பிள்ளை மாமனாரை ஒருமுறை பார்த்தார்.

"மாமா சொல்லிக் கொடுத்ததுதான் டாக்டர். அன்னிக்கு நான் தப்பான பூவைப் பறிச்சுட்டேன். அதான் கோவிச்சுக்கிட்டார்."

எல்லோரும் டிரைவர் பக்கம் திரும்பினார்கள். தலையை லேசாக ஆட்டினால் போதும், மானம் பிழைத்துவிடும்.

டிரைவர் நேரே போய் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக் கூட்டத்துக்கு நடுவே அழைத்து வந்தார். கண் கலங்கியது, ஆனால் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

"பொய் சொல்றார்! எனக்கு ஆண் பூவும் தெரியாது, பெண் பூவும் தெரியாது. வாய்க்கு வந்தபடி திட்டினவன் மானத்தையே காப்பாத்தப் பார்க்கிறார் பாருங்க, இவர்தான் என் மாப்பிள்ளை! நாளைக்குக் காலையில உங்க கொடிக்கும் வருவார், டாக்டரம்மா. ஆனா ஒண்ணு, எங்க கொடியை முடிச்சுட்டுத்தான்!"